கானமயிலும் சூரிய மின்சாரமும்

மேற்கு இராஜஸ்தானத்தில், ஜைசல்மேர் நகரைச் சுற்றிப் பரந்து கிடக்கும் தார்ப் பாலைவனத்தைப் போலச் சூரிய ஒளி தாராளமாக விழுகின்ற பிரதேசம் நம் தேசத்தில் அரிது. ஆண்டின் பெரும்பகுதி மேகமற்ற வானமும், சமமான தரையும், நெருக்கமில்லாத குடியிருப்பும் அங்கே ஒருங்கே வாய்த்திருப்பதனால், நிலக்கரியை எரிப்பதைக் குறைத்துப் பூமி வெப்பமடைவதைத் தணிக்கக் கருதுகிறவர்களின் பார்வை முதலில் அத்திசையில் சென்றது இயல்பே. 2030ஆம் ஆண்டுக்குள் புதைபடிவ எரிபொருளைச் சாராத மின்னுற்பத்தித் திறனை 500 கிகாவாட்டாக உயர்த்துவதென்று 2021இல் கிளாஸ்கோ தட்பவெப்ப மாநாட்டில் இந்தியா அறிவித்தது. அப்பாலைவனத்தில் பாட்லா என்னும் ஒரே இடத்தில் 2245 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்பூங்கா எழுந்திருக்கிறது. இம்முயற்சி அவசியமானது என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. எங்கே, எந்த முறையில் என்பதே கேள்வி.

அந்தப் பாலைவனத்துப் புல்வெளிதான் கானமயில் என்னும் பறவையின் கடைசி அடைக்கலம். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் நிற்பதும், ஆண்பறவையானால் 15 கிலோ வரை எடையேறுவதுமான இப்பறவை, ஒரு காலத்தில் இந்தியாவின் வறண்ட சமவெளிகள் பலவற்றிலும் உலவியது. இன்று எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு, அவற்றிலும் பெரும்பாலானவை தாரில் உள்ளவை. ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையை வெறுந்தரையில் இட்டு, நரிக்கும் நாய்க்கும் தப்பினால் ஒரு குஞ்சை வளர்க்கிற இப்பறவை, இழந்த எண்ணிக்கையை விரைவில் ஈடுசெய்துகொள்ளும் இனமன்று. வளர்ந்த பறவைகளில் ஆண்டுக்குச் சில மாண்டாலே இனம் க்ஷீணித்துவிடும்.

அங்கே விளையும் மின்சாரத்தை வெளியே கொண்டுசெல்லும் மின்கம்பிகளில் மோதியே இப்பறவைகள் மடிகின்றன. மின்கம்பி அதற்கு எமனாவதன் காரணம் அதன் கண்ணமைப்பில் இருக்கிறது. திறந்த வெளியில் எத்திசையிலிருந்து அபாயம் வந்தாலும் அறியவேண்டிய பறவையாதலால், கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்து, பக்கவாட்டுப் பார்வை விசாலமாகவும் நேர்முகப் பார்வை மிகக் குறுகலாகவும் இருக்கின்றன. பறக்கும்போது தரையை நோக்கித் தலையைச் சிறிது தாழ்த்தினாலும் போதும், எதிரே உள்ளது அதற்குத் தெரியாமற்போகிறது. கம்பி புலப்படும் தருணத்தில் மிக அருகில் வந்துவிட்டிருக்கும். அவ்வளவு பாரமான உடலைச் சட்டென்று திருப்பவும் இயலாது. பல்லாயிரம் ஆண்டுகள் தடையற்ற வானத்தில் பறந்து பழகிய பிராணிக்கு, குறுக்கே நீளும் மெல்லிய கம்பியைத் தேடிப் பார்க்கும் வழக்கம் எவ்வாறு வந்திருக்கும்? தார்ப் பகுதியில் ஏறக்குறைய 4200 சதுர கிலோமீட்டர் பரப்பில் மட்டும், மின்கம்பிகளில் மோதி ஆண்டுக்குச் சுமார் 84,000 பறவைகள் பல இனங்களிலும் மடிகின்றன என்று இந்திய வனவுயிர் நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

இத்தனைக்கும் மூலம், அந்நிலத்தை அரசாங்கப் பதிவேடுகள் பார்க்கிற விதம் என்பது என் கருத்து. சேவண் புல் வளர்ந்து, ஆடும் ஒட்டகமும் மேய்ந்து, தெய்வத்தின் பெயரால் மரம் வெட்டாமல் தலைமுறை தலைமுறையாகக் கிராமத்தார் காத்துவரும் ‘ஓரண்’ என்னும் புனித மேய்ச்சல்வெளிகளுட் பல, வருவாய்த்துறைக் கணக்கில் பயனற்ற தரிசு என்றே ஏறியிருக்கின்றன. தரிசைத் திட்டத்துக்குக் கொடுப்பதில் யாருக்கு ஆட்சேபம் எழும்? அன்றியும், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சூரிய மின்நிலையங்களையும் காற்றாலைகளையும் தன் வரம்பினுள் கொண்டுவராததால், நிலத்தில் என்னென்ன ஜீவராசிகள் வாழ்கின்றன என்று நிர்மாணத்துக்கு முன் ஆராயவேண்டிய கட்டாயமும் இல்லாமற்போயிற்று. புகை கக்காத தொழிலுக்குப் பரிசோதனை எதற்கு என்று அன்று எண்ணியிருக்கலாம். ஆயிரக்கணக்கான ஏக்கரை அடைத்துக்கொள்ளும் இன்றைய அளவுக்கு அந்த எண்ணம் பொருந்தாது. சூரியத் தகடுகளின்மேல் நிழல் விழாதிருக்கும்பொருட்டு, பாலைவனத்தார் தெய்வமாகப் போற்றும் வன்னி மரங்களும் வெட்டுண்கின்றன.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான எம்.கே. ரஞ்சித்சிங் 2019இல் தொடுத்த வழக்கில், மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுசெல்லவும், பறவைகளுக்குத் தெரியும்படி கம்பிகளில் சுழலும் தட்டுகளைத் தொங்கவிடவும் 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சுமார் 99,000 சதுர கிலோமீட்டரைத் தழுவிய அக்கட்டளை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று அரசாங்கம் வாதித்தது. அதிக அழுத்த மாறுமின்னோட்டத்தை நெடுந்தூரம் நிலத்தடி வடத்தில் செலுத்துவது செலவும் சிக்கலும் மிகுந்ததென்பது உண்மையே. 2024 மார்ச்சில், தட்பவெப்ப மாறுதலின் தீமைகளிலிருந்து காக்கப்படுவதையும் ஓர் அடிப்படை உரிமையாக ஏற்ற நீதிமன்றம், பழைய கட்டளையைத் தளர்த்தி, வழிகாணும் பொறுப்பை நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது.

ஆனால் கம்பிகளை நட்டபின் எங்கே புதைப்பது என்று வழக்காடுவதைவிட, நடுமுன் எங்கே நடலாகாது என்று வரைபடத்தில் குறிப்பது எளிதன்றோ? கானமயில் முட்டையிடும் இடங்களும் ஒரு புல்வெளியிலிருந்து இன்னொன்றுக்குப் பறக்கும் வழிகளும் ஆராய்ச்சியாளர்கள் அறிந்தவையே. அவற்றை விலக்கிய பின்னும் வெயில் விழும் இடம் மிகுதியாக உண்டு: தொழிற்சாலைக் கூரைகள், கைவிடப்பட்ட சுரங்கங்கள், 2012இலேயே குஜராத்தில் சோதித்துப் பார்க்கப்பட்ட வாய்க்கால் மேற்பரப்புகள். ஜைசல்மேர்ப் பகுதியின் இனப்பெருக்க நிலையங்களில், 2024இல் செயற்கை முறையில் கருவூட்டிக் கானமயில் குஞ்சு ஒன்றும் பொரிந்திருக்கிறது. அங்கே வளரும் பறவைகளை ஒருநாள் திறந்துவிடவேண்டிய புல்வெளி எது என்பதை, அடுத்த மின்பூங்காவுக்கு நிலம் அளக்கப்படுமுன் தீர்மானித்தாக வேண்டும்.