பெப்பர் ஸ்பிரே பையில் இருக்கலாமா? தற்காப்பும் எமது சட்டமும்

மாலை வகுப்பு முடிந்து தனியே வரும் பிள்ளையின் பையில் ஒரு பெப்பர் ஸ்பிரே வைத்துவிடலாமா என்று யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பல தாய்மார்கள் என்னிடம் கேட்டுவிட்டார்கள். லண்டனில் இருக்கும் உறவினரிடம் சொல்லி எடுப்பிக்கலாம் என்று யோசிப்பவர்களும் உண்டு. அந்த உறவினரால் அது முடியாது. பிரித்தானியாவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தீங்கு தரும் திரவத்தையோ வாயுவையோ பீய்ச்சும் கருவியைத் தடைசெய்யப்பட்ட ஆயுதமாகவே கொள்கிறது. அங்கே வைத்திருப்பதே குற்றம். கனடாவில் கரடியை விரட்டும் ஸ்பிரே வாங்கலாம், மனிதருக்கெனத் தயாரித்தது கூடாது. இந்தியாவில் அதே பொருள் வெளிப்படையாக விற்பனையாகிறது. (பெயர்தான் மிளகு. உள்ளே இருப்பது மிளகாயின் காரம்.)

இங்குள்ள பயத்தை யாரும் கற்பனை என்று சொல்ல முடியாது. 2015 மே மாதம் பாடசாலைக்குச் சென்ற புங்குடுதீவு மாணவிக்கு நடந்ததை இந்தக் குடாநாடு மறக்கவில்லை. 2011 ஆகஸ்டில் கிறீஸ் பூதம் என்ற பீதி பரவியபோது நாவாந்துறை பட்ட பாடும் நினைவிருக்கிறது. வாள்வெட்டுக் கும்பல்களின் கதை வேறு.

என்னைக் கேட்டால், வாங்கலாமா என்பதைவிட, அடித்த பிறகு என்ன நடக்கும் என்பதே பெரிய கேள்வி. 1883ஆம் ஆண்டின் எமது தண்டனைச் சட்டக்கோவை 89 முதல் 99 வரையான பிரிவுகளில் தற்காப்பு உரிமையைத் தருகிறது. தன் உடலை மட்டுமல்ல, பிறருடைய உடலையும் சொத்தையும் காக்கலாம். பாலியல் வன்புணர்வு, கடத்தல் போன்ற நோக்கத்துடன் வரும் தாக்குதலில் அந்த உரிமை தாக்குபவனின் மரணம்வரைகூட நீள்கிறது. ஆனால் 92ஆம் பிரிவு எல்லை போடுகிறது. பொலிஸாரின் உதவியைப் பெற அவகாசம் இருந்தால் உரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது.

அந்த எல்லையைத் தாண்டினால் 315ஆம் பிரிவு காத்திருக்கிறது. சுட, குத்த, வெட்டப் பயன்படும் கருவிகளோடு, சுவாசித்தால் உடலுக்குக் கேடு தரும் பொருளால் காயப்படுத்துவதையும் அது சேர்த்துச் சொல்கிறது. போதாததற்கு, சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி, தற்காப்புக்காகவே செய்தேன் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு அப்படிச் சொல்பவருக்கே உரியது. இந்தியாவில் இதே வார்த்தைகள் கொண்ட சட்டத்தின் கீழ் 2024இல் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒரு தகராறில் பெப்பர் ஸ்பிரே அடித்தவர்கள் தற்காப்பு என்று சொல்லி வழக்கை நீக்கக் கேட்டார்கள். நீதிமன்றம் மறுத்ததோடு, அது ஆபத்தான ஆயுதம் என்றும் குறிப்பிட்டது. எமது நீதிமன்றங்களை அத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது, என்றாலும் எமது சட்டத்தரணிகள் அதை எடுத்துக்காட்டாமல் விடமாட்டார்கள்.

சரி, மிளகாய்த்தூள்? 2018 நவம்பர் 16ஆம் திகதி எமது பாராளுமன்றத்துக்குள்ளேயே அதை வீசினார்கள்! வீட்டுச் சாமான் என்பதால் சட்டம் அதை விட்டுவிடாது. யார்மீது, எதற்காக வீசினீர்கள் என்றுதான் கேட்கும்.

எமது சமூகத்துக்கு இன்னொரு தயக்கமும் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பின், மே மாதத் தொடக்கத்தில், வாள்களையும் அன்றாடத் தேவைக்கல்லாத கத்திகளையும் ஒப்படைக்கும்படி பொலிஸார் அறிவித்தார்கள். எது அன்றாடத் தேவை? உழ்ஹிய்யாவுக்கு வைத்திருந்த கத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் எங்கள் வீட்டிலேயே தடுமாறினோம். சோதனைச் சாவடியில் ஹபாயா அணிந்த பெண்ணின் பைக்குள் ஒரு ஸ்பிரே குப்பி அகப்பட்டால், அது தற்காப்புப் பொருளாகத்தான் பார்க்கப்படும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆகவேதான் இன்ன அளவு, இன்ன வயதுக்கு மேல், பதிவுபெற்ற கடையில் என்று பாராளுமன்றம் எழுத்தில் வரையறுக்க வேண்டும் என்கிறேன். விளங்காத சட்டம் பயந்தவரைத்தான் முதலில் பிடிக்கும், வாளோடு திரிபவனை அல்ல.

அதுவரை, வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க முன்னர் சுங்கத்தில் கேளுங்கள். பிள்ளையிடம் ஒரு விசில் கொடுங்கள், 119, 1938 ஆகிய இலக்கங்களைத் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். எதையாவது பயன்படுத்தித் தப்ப நேர்ந்தால் வீட்டுக்கு ஓடி மறைக்காமல், அன்றே பொலிஸ் நிலையம் சென்று முதலில் முறைப்பாடு பதியுங்கள். காயம் இருந்தால் வைத்தியரிடம் காட்டி அதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.