தெரியுமா? தேத்தண்ணி ஆறுவதற்குள் அப்பிளின் கணக்குக் கொப்பி!

கல்முனை பஜாரில் ஏதாவதொரு கடையில் ஏறி, "காக்கா, உங்கட கணக்குக் கொப்பிய ஒருக்காக் காட்டுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வரும் என்பதை இங்கே எழுத முடியாது! ஆனால் அப்பிள் கம்பனியின் கணக்கை, ஐந்து சதம் கொடுக்காமல், அதே பஜாரில் இருந்தபடி புரட்டலாம். தெரியுமா?

அமெரிக்கச் சந்தையில் பங்கு விற்கும் கம்பனிகள் தங்கள் வருமானம், கடன், வழக்கு, ஆபத்து எல்லாவற்றையும் அந்நாட்டுப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவிடம் ஒப்புவித்தாக வேண்டும். அவை குவிந்து கிடக்கும் மின்கிடங்கின் பெயர் எட்கர். அதற்குள் போய் வேண்டியதை மட்டும் எடுத்துவர, 'எட்கர்டூல்ஸ்' என்றொரு பைத்தன் நூலகம் இருக்கிறது. திறந்த மூல நிரல். யாரும் இறக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம்.

ஒலுவில் கம்பசில் படிக்கும் என் மச்சானின் மகன் தேத்தண்ணிக் கடையில் வைத்தே செய்து காட்டினான். முதல் வரியில் நூலகத்தை அழைத்தான். இரண்டாவதில் தன் பெயரும் மின்னஞ்சலும். கதவைத் தட்டுவது யாரென்று ஆணைக்குழு அறிய விரும்புகிறது, அவ்வளவுதான்; கடவுச்சொல்லும் இல்லை, கட்டணமும் இல்லை. செக்கனுக்குப் பத்துத் தடவைக்கு மேல் தட்டக்கூடாது என்பது மட்டும் சட்டம்! மூன்றாவதில் கம்பனி, நான்காவதில் ஆண்டறிக்கை. 2023 நிதியாண்டில் அப்பிளின் விற்பனை 383 பில்லியன் டொலர் என்று திரையில் வந்து விழுந்தது.

அடுத்து அவன் தேடியதுதான் நம் முஸ்லிம்களுக்கான விசயம். வட்டி! அறிக்கையின் குறிப்புகளுக்குள் ஒளிந்திருந்த வட்டி, பங்கிலாப வருமானம் 3.75 பில்லியன். விற்பனையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. பஹ்ரைனில் இயங்கும் இஸ்லாமிய நிதிக் கணக்கியல் அமைப்பான அயோஃபி, பங்கு வாங்குவதென்றால் அந்தக் கம்பனியின் ஆகாத வருமானம் மொத்த வருமானத்தில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக்கூடாது என்கிறது. வட்டிக் கடன் சந்தைப் பெறுமதியில் 30 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது போல வேறு நிபந்தனைகளும் உண்டு. நூலகம் தருவது இலக்கத்தை; தீர்ப்பை ஆலிம்களிடம்தான் கேட்க வேண்டும்.

இத்தனை இலக்கங்களுக்குள் வட்டி எதுவென்று கணினிக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தொகைக்கும் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது! எக்ஸ்பிஆர்எல் எனும் இந்த முறையை 1998இல் யோசித்தவர் சார்ல்ஸ் ஹொஃப்மன். கணினிக்காரரல்ல, கணக்காளர்!

எட்கர் கிடங்கு எடுத்த எடுப்பில் இலவசமாக இருக்கவில்லை. தனியார் நிறுவனங்கள் காசுக்கு விற்றுவந்த அறிக்கைகளை 1990களின் முற்பாதியில் கார்ல் மலமுட் என்பவர் இணையத்தில் சும்மா ஏற்றினார். சனம் பழகியதும், 1995இல், "நான் நிறுத்தப் போகிறேன், இனி அரசே நடத்தட்டும்" என்றார். எழுந்த கூச்சலில் ஆணைக்குழு பொறுப்பேற்றது. தன் நிரலையும் கொடுத்து, கணினிகளையும் இரவல் கொடுத்தார் மனுசன்!

திறந்த மூலம் நம் கரைக்குப் புதிதுமல்ல. 2004 டிசம்பரில் மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளைக் கடல் வாரிக்கொண்டு போனபின், காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிய இலங்கைத் தொண்டர்கள் எழுதிய 'சஹனா' திறந்த மூல மென்பொருள்தான். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுச் சமூகப் பயன் விருது அதற்குத்தான் கிடைத்தது.

கொழும்புப் பங்குச் சந்தைக் கம்பனிகளின் அறிக்கைகளும் சந்தையின் இணையத்தளத்தில் இலவசம்தான். 2011இல் தொடங்கி 2014இல் சந்தைக்கு வந்த, கல்முனையிலும் கிளை வைத்திருக்கும் அமானா வங்கியின் அறிக்கையும் அங்கே உண்டு. ஆனால் எல்லாம் தடித்த பிடிஎஃப். கண் நோகப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஒலுவில் பிள்ளைகளே, அதற்கும் நாலு வரியில் வேலை முடிக்கிற ஒரு நூலகம் எழுதுங்களேன். தேத்தண்ணிக் காசு என் கணக்கில்!