தோளில் சைக்கிள், காலெல்லாம் சேறு!

சைக்கிள் பந்தயம் என்றதும் வழவழப்பான தார் ரோடும், அதில் வரிசையாகப் பறந்து செல்லும் வீரர்களுமே நம் நினைவுக்கு வருவார்கள். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் நடக்கும் ஒரு வகைப் பந்தயத்தில் ரோட்டுக்கு அநேகமாக வேலையே இல்லை. புல்வெளி, சேறு, மணல், மரங்களுக்கிடையே வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதை இவைதான் அதன் தடம். போதாதற்கு வழியில் குறுக்கே பலகைகளை நிறுத்தி வைத்திருப்பார்கள். சில இடங்களில் படிக்கட்டு கூட உண்டு. அங்கெல்லாம் இறங்கி, சைக்கிளைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். பிறகு ஓடுகிற ஓட்டத்திலேயே தாவி ஏறி மிதிக்க வேண்டும். 'சைக்ளோ கிராஸ்' என்பது இதன் பெயர்.

மனிதனைச் சுமக்கத்தான் சைக்கிள். சைக்கிளை மனிதன் சுமப்பதா என்று சிரிப்பு வரும். பெல்ஜியம் நாட்டுக்காரர்களிடம் அப்படிச் சிரித்து விடாதீர்கள். அங்கே இது கிட்டத்தட்ட ஒரு திருவிழா. வறுத்த உருளைக்கிழங்கும் பீருமாக, ஆயிரக்கணக்கானோர் மழையில் நனைந்துகொண்டே தடத்தின் இருபுறமும் நின்று பார்ப்பார்கள்.

பிறந்த இடம் பிரான்ஸ். ராணுவத்தில் இருந்த டேனியல் குஸ்ஸோ என்பவரின் முயற்சியால் 1902-ல் அங்கே முதல் தேசியப் போட்டி நடந்தது. முதல் உலகப் போட்டி 1950-ல் பாரிஸில் நடந்தபோது, அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தை வென்றிருந்த ழான் ரோபிக் வென்றார். பெல்ஜியத்தின் எரிக் டி விளாமிங்க் 1966-க்கும் 1973-க்கும் இடையில் ஏழு முறை உலகச் சாம்பியன் ஆனார். நெதர்லாந்தின் மத்தியூ வான் டெர் போல் 2025-ல் அந்த எண்ணிக்கையை எட்டிப் பிடித்தார். பெண்களுக்கான உலகப் போட்டி 2000-ல்தான் தொடங்கியது.

இவர்களெல்லாம் தொழில்முறை வீரர்கள். நாம் சொல்ல வந்தது வேறு ஒரு கூட்டத்தைப் பற்றி. இங்கிலாந்தில் செப்டம்பர் முதல் ஜனவரி வரை, பூங்காக்களிலும் பள்ளி மைதானங்களிலும் வட்டார லீக் பந்தயங்கள் வாராவாரம் நடக்கின்றன. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில். திங்கட்கிழமை முதல் மேஜை முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் அதில் ஓட்டுகிறார்கள். 40 வயதைக் கடந்தவர்களுக்கு 'வெட்டரன்' என்று தனிப் பிரிவே இருக்கிறது. தொப்பை தட்டத் தொடங்கிய வயதில், முதல் முறையாக இதில் இறங்கலாம் என்று ஒருவர் முடிவு செய்தால் என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

இறங்கக் கற்பது

காலில் பலம் ஏற்றினால் போதும் என்றுதான் புதியவர் நினைப்பார். ஜூலை, ஆகஸ்டில் மைல் கணக்கில் ரோட்டில் மிதிப்பார். முதல் பந்தயத்திலேயே அவரைத் திணற அடிப்பது சைக்கிளை விட்டு இறங்குவதுதான்! தடுப்புப் பலகையின் உயரம் அதிகபட்சம் 40 சென்டிமீட்டர். முழங்காலுக்கும் கீழே. அதன் முன்னால் பிரேக் பிடித்து நின்று, நிதானமாக இறங்கி, தாண்டி, திரும்ப ஏறினால் மூன்று விநாடி அதிகம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு இப்படி மூன்று இடம், மொத்தம் ஏழு சுற்று. ஒரு நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. அந்த ஒரு நிமிடத்தை மிதித்து மீட்பதற்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

முறையாக இறங்குவது இப்படி: பலகைக்குச் சில கெஜம் முன்பே வலது காலைப் பின்பக்கமாகச் சுழற்றி எடுத்து, இடது பெடலில் மட்டும் நின்றபடி உருள வேண்டும். வலது கை பிரேமின் மேல் குழாயைப் பிடித்திருக்கும். பலகை நெருங்கியதும் தரையில் கால் வைத்து ஓட்டத்தைத் தொடங்கி விட வேண்டும். செயின் வலப்பக்கம் இருப்பதால் இடப்பக்கமாக இறங்குகிறார்கள். யோசித்துப் பாருங்கள், தந்தி கொண்டு வந்த சேவகரும் பால்காரரும் நம் வீட்டு வாசலில் இப்படித்தானே வந்து இறங்கினார்கள்? வேகம்தான் வித்தியாசம்.

ஏறுவதில் அந்த ஒற்றுமை இல்லை. நம்மவர்கள் இடது பெடலில் கால் வைத்து இரண்டு தள்ளுத் தள்ளி ஏறுவார்கள். பந்தயத்தில் பெடலைத் தொடாமலே, ஓடிய வாக்கில் இடது காலை ஊன்றி எழும்பி, வலது தொடையின் உட்புறம் சீட்டில் படும்படி விழுந்து சறுக்கி உட்கார வேண்டும். பயந்தவர்கள் எழும்புவதற்கு முன் ஒரு குட்டித் துள்ளல் போடுவார்கள். அது பழகிவிட்டால் விடுவது கடினம். அதனால் புல்தரையில், நடக்கிற வேகத்தில் தொடங்கி, மாலைக்கு இருபது முப்பது முறை என்று செய்து பார்ப்பதே நல்லது. பார்க்கிறவர்கள் பைத்தியம் என்பார்கள். சொல்லி விட்டுப் போகட்டும்.

காற்றைக் குறை

சைக்கிள் விஷயத்தில் செலவாளிகளுக்கு எல்லையே இல்லை. சேற்றில் அடைத்துக்கொள்ளும் சைக்கிளைக் கொடுத்துவிட்டுச் சுத்தமானதை வாங்கிக்கொள்ள, தடத்தின் ஓரத்தில் ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள். அதைப் பார்த்து முதல் வருடமே இரண்டு சைக்கிள் வாங்குவது வீண். உள்ளூர் லீக் பந்தயங்களில் மலைச் சைக்கிளுடன் வருகிறவர்களையும் பொதுவாக அனுமதிக்கிறார்கள். பிடிக்கிறதா என்று ஒரு சீசன் பார்த்துவிட்டுப் பணத்தை எடுக்கலாம்.

டயரில் மட்டும் கவனம் தேவை. சர்வதேசப் பந்தயங்களில் டயரின் அகலம் 33 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதிலும் காற்றைக் குறைத்தே வைக்கிறார்கள். நம் ஊர்ச் சைக்கிள் கடையில் காற்றடித்துவிட்டுக் கட்டை விரலால் அழுத்தி, கல்லைப் போல் இருந்தால்தான் திருப்திப்படுவார்கள். இங்கே சதுர அங்குலத்துக்கு 25 பவுண்டு, சேறு அதிகமானால் அதற்கும் குறைவு. டயர் தளர்ந்து பரவினால்தான் ஈரப் புல்லில் பிடி கிடைக்கும். ரொம்பவும் குறைத்தால் வேர்களில் மோதும்போது டியூப் ரிம்மில் நசுங்கி ஓட்டையாகிவிடும். டியூப் இல்லாத டயர் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடல் பயிற்சி ரோட்டுப் பந்தயத்துக்குச் செய்வது போன்றதல்ல. பந்தயம் 40 முதல் 60 நிமிடம்தான். ஆனால் அந்த நேரம் முழுவதும் நெஞ்சு படபடக்கும். ஒவ்வொரு வளைவிலும் நின்று போய், மறுபடி முழு மூச்சாக மிதிக்க வேண்டியிருக்கும். ஆகவே அரை நிமிடம் வெறித்தனமாக மிதித்து, அரை நிமிடம் தளர்ந்து, இப்படிப் பத்துப் பதினைந்து முறை செய்வது ஐந்து மணி நேரச் சவாரியைவிட உதவும். வாரத்தில் ஒரு நாள் சிறிது ஓட்டமும் வேண்டும். நாற்பதைத் தாண்டியவர் இதற்கெல்லாம் முன் டாக்டரிடம் இருதயத்தைக் காட்டிவிடுவது நல்லது. நவம்பரில் அங்கே மாலை 4 மணி சுமாருக்கே இருட்டிவிடும். ஆபீஸ் முடிந்து வருகிறவர்கள் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பழகுகிறார்கள்.

கடைசியில் வருபவர்

பந்தய நாளன்று புதியவர் நிற்பது கடைசி வரிசையில். முந்தைய பந்தயங்களில் புள்ளி எடுத்தவர்களுக்கே முன் வரிசை. விசில் ஊதியதும் எல்லோரும் பாய்வார்கள். முதல் வளைவில் பாதை குறுகி, பின்னால் இருப்பவர்கள் நின்றே போக நேரும். விழுந்தால் பெரும்பாலும் சேற்றில்தான். தார் ரோட்டில் விழுவது போல் தோல் உரியாது.

பலரை இதில் இறங்கவிடாமல் தடுப்பது குளிரும் சேறும் அல்ல, கடைசியாக வந்துவிடுவோமோ என்ற கூச்சம்தான். பெரிய பந்தயங்களில் அந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. முதல் வீரரின் ஒரு சுற்று நேரத்தில் 80 சதவிகிதம் பின்தங்கியவரை நடுவர்கள் தடத்திலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள். உள்ளூர் லீக்கில் பொதுவாக அந்த வழக்கம் இல்லை. முதல் ஆள் இரண்டு முறை முந்திச் சென்றாலும், புதியவர் ஒதுங்கி வழிவிட்டுத் தன் சுற்றைத் தொடரலாம். முதல் ஆள் பந்தயத்தை முடித்த பிறகு, மற்றவர்கள் கோட்டை எட்டும்போது அவரவர் பந்தயமும் முடிகிறது. எட்டுச் சுற்றுக்குப் பதிலாக ஆறு சுற்று ஓட்டியிருப்பார், அவ்வளவே. தடம் முழுவதும் ஆட்கள் சிதறிக் கிடப்பதால் யார் முதல், யார் கடைசி என்று பார்வையாளருக்குத் தெரியாது. புதியவருக்கு முன்னால் எப்போதும் ஒருவர் திணறிக்கொண்டிருப்பார். அவரைத் துரத்துவதுதான் அன்றைக்கு அவருடைய பந்தயம்.

முடிந்ததும் உலர்ந்த உடையும் சூடான தேநீரும். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். சேறு காய்வதற்குள் சைக்கிளைக் கழுவியாக வேண்டும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும்போது பேரிங்குகளில் நேராக அடிக்காமல் இருக்க வேண்டும். செயினைத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். சேறும் மணலும் பிரேக் கட்டைகளை அரம் போல் அராவியிருக்கும்; அவற்றையும் பார்த்து மாற்ற வேண்டும். அடுத்த பந்தயத்துக்கு ஆறு நாள்தான் இருக்கிறது.