கட்டம் போட்ட துணிக்கும் ஒரு கதை உண்டு!

குளிர் நாட்டுக்காரங்க கழுத்துல சுத்தியிருக்கிற கட்டம் போட்ட கம்பளி ஸ்கார்ஃபை படத்துல பார்த்திருப்போம். அந்தக் கட்டத்துக்குப் பெயர் டார்ட்டன். ஊர் ஸ்காட்லாந்து. பாவிலும் ஊடையிலும் கலர் நூலை ஒரே வரிசையில் வைத்து நெய்வார்கள்.

1746-ல் கல்லோடன் போரில் மலைநாட்டுக் கலகப் படை தோற்றது. அதே வருஷம் அரசு சட்டம் போட்டது: படைவீரர் தவிர எந்த ஆணும், பையனும் மலைநாட்டு உடை உடுத்தக் கூடாது. மீறினால் 6 மாதம் ஜெயில். மறுபடி மீறினால் 7 வருஷம் நாடு கடத்தல்! பெண்களை அந்தச் சட்டம் சொல்லவே இல்லை. 1782-ல்தான் தடை நீங்கியது. 1822-ல் ராஜா நான்காம் ஜார்ஜே எடின்பரோவில் டார்ட்டன் உடுத்தினார். அப்புறம் அதுவே ஃபேஷன்!

சதுர ஸ்கார்ஃபை மூலைக்கு மூலை மடித்து, முனைகளைக் கழுத்துக்குப் பின்னால் சுற்றி முன்னால் முடியலாம். ஒரே கலர் உடைக்கு எடுப்பாக இருக்கும்.

தடை போட்ட துணியே ஒரு நாட்டின் அடையாளமாச்சு. நம்ம ஊர்த் தறியில் என்ன கட்டம் நெய்யுறாங்க? அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுவோமா?