அடுப்பைக் கூட்டினால் மாவு புளிக்குமா?

போர்ட்டிக்சன் கடற்கரையில் நாலு நாள் தங்கித் திரும்பியவருக்குத் திங்கட்கிழமை காலை ஐந்துக்கு எழுவது பெரும்பாடு. அலைச்சல் என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் ஓய்வெடுத்து வந்த உடம்புக்கு ஏது அலைச்சல்? உடம்புக்குள் ஓடும் நேரம் தள்ளிப்போயிருக்கிறது. எப்படி என்பதைத் தோசை மாவு சொல்லும்.

ஆட்டிய நேரம்

இரவு எட்டுக்கு ஆட்டி வைத்த மாவு விடியலில் பொங்கி நிற்கும். நள்ளிரவில் ஆட்டியதை ஐந்து மணிக்குத் திறந்தால் அப்படியே கிடக்கும். தூக்கத்தின் கணக்கும் இதுதான். மூளையில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கடிகாரமாக இயங்குகின்றன. தூக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின் எப்போது சுரக்கவேண்டும் என்று சொல்வது அந்தக் கடிகாரம்தான்; அந்த நேரமே தூக்கத்துக்கு மாவு ஆட்டும் நேரம். பெரும்பாலோருக்கு இந்தக் கடிகாரத்தின் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். எனவே பிந்துவது எளிது, முந்துவது கடினம்.

சூடு

மாவு புளிக்கும் வேகத்தை இதமான சூடு கூட்டுகிறது. இந்தக் கடிகாரத்தை வெளிச்சம் நகர்த்துகிறது. இரவு வெளிச்சம் பின்னுக்குத் தள்ளும், காலை வெளிச்சம் முன்னுக்கு இழுக்கும். தெலுக் கெமாங் கடற்கரையில் நள்ளிரவு வரை விளக்கடியில் மீன் சுட்டு, காலையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஒன்பது வரை தூங்கினால், ஆட்டும் நேரமே மாறிவிடும்.

நெருப்பும் சோடாவும்

அலாரம் வெறும் அடுப்பு: கல் காயும், மாவு புளிக்காது. காப்பி ஆப்பசோடா: குமிழி வரும், பதம் வராது. விழித்திருக்கும்போது மூளையில் சேரும் அடினோசினும் தூக்கத்தை வரவழைக்கிறது. காப்பி அதை அகற்றுவதில்லை, அதன் வேலையைத் தடுக்கிறது, அவ்வளவுதான்.

நம்மூர்ச் சிக்கல்

வெயில் ஏறுமுன் ரப்பர் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் அதிகம் என்பதால், லிங்கி, சிலியாவ் பக்கத் தோட்டங்களில் பால்மரம் சீவிய காலத்தில் விடியுமுன்பே பெரட்டு (வேலையாட்களின் வருகைப் பதிவு). இன்று அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் அதே இருட்டில் சிரம்பானில் கோமுட்டர் ரயில் ஏறுகிறார்கள். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே நகர்ந்ததால், இங்கே சூரியன் உதிக்க ஏழு மணி ஆகிவிடுகிறது. ஐந்துக்கு எழுபவருக்குக் கடிகாரத்தை முந்த வைக்கும் வெளிச்சம் கிடைப்பதில்லை.

என்ன செய்யலாம்?

காலையில் கிடைக்காததை இரவில் ஈடுகட்டவேண்டும். ஒன்பதுக்கே விளக்கைக் குறையுங்கள், கைப்பேசியைத் தள்ளி வையுங்கள். மதியத்துக்கு மேல் காப்பி வேண்டாம். ரயிலை விட்டு இறங்கியதும் கொஞ்ச தூரம் வெயிலில் நடங்கள். கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் திரும்பினாலே பெரிது. மூன்று மணி நேரம் பிந்தியிருந்தால் மூன்று நாளாவது பிடிக்கும். எனவே அடுத்த முறை விடுதி அறையை ஞாயிறு வரை பிடிக்காமல், வியாழனோடு முடித்துக்கொள்ளுங்கள்.