கேள்வி கேட்டால் நாத்திகனா? சமயத் தத்துவத்தின் சில அடிப்படைச் சொற்கள்

ஜும்ஆ முடிந்ததும் ஒரு தந்தை, கல்லூரியில் படிக்கும் தம் மகனை நம்மிடம் அழைத்து வந்தார். "ஹஜ்ரத், இவன் நாத்திகனாகிவிட்டான். நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்" என்றார். பையனிடம் தனியே பேசினோம். அவன் அல்லாஹ்வை மறுக்கவில்லை. "இறைவன் இருப்பதற்கு ஆதாரம் என்ன?" என்று வகுப்புத் தோழன் கேட்டிருக்கிறான். பதில் தெரியாமல் வீட்டில் வந்து கேட்டிருக்கிறான். அன்றிலிருந்து தந்தைக்கும் மகனுக்கும் பேச்சில்லை.

ஒரு சொல்லைத் தவறாகப் பயன்படுத்தியதன் விளைவு இது. எனவே இத்துறையின் முக்கியமான சொற்கள் சிலவற்றை இங்கே விளக்க விரும்புகிறோம்.

சமயத் தத்துவமும் இல்முல் கலாமும்

இறையியல் வேதத்தை ஏற்றுக்கொண்டு, அங்கிருந்து பேசத் தொடங்கும். சமயத் தத்துவமோ இறைவன், வஹீ, மறுமை ஆகியவை பற்றிய கேள்விகளை அறிவின் துணையைக் கொண்டே ஆராயும். நம் மரபின் இல்முல் கலாம் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அது அகீதாவை ஏற்று, அறிவு ஆதாரங்களால் அதை நிறுவுகிறது.

மத்ரஸாக்களில் ஓதித்தரப்படும் ஷரஹுல் அகாயித், இமாம் நஸஃபீ (ரஹ்) அவர்களின் அகீதா நூலுக்கு இமாம் தஃப்தாஸானீ (ரஹ்) எழுதிய விரிவுரையாகும். அது இறைவனைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, மனிதன் அறிவைப் பெறும் வழிகள் எவை என்று பேசிவிடுகிறது. பழுதற்ற புலன்கள், உண்மைச் செய்தி, அறிவு என்று அவற்றை மூன்றாக வகுக்கிறது. 'எனக்கு எப்படித் தெரியும்?' என்ற கேள்வி நம் பெரியார்களுக்குப் புதிதல்ல.

நான்கு நிலைப்பாடுகள்

முதலாவது, தீயிஸம். இறைவன் படைத்தான், இப்போதும் பரிபாலிக்கிறான், துஆவைக் கேட்கிறான் என்ற நம்பிக்கை.

இரண்டாவது, டீயிஸம். படைத்தவன் உண்டு, ஆனால் அவன் வஹீ அனுப்புவதில்லை, உலகில் தலையிடுவதும் இல்லை என்ற கருத்து. 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இது செல்வாக்குடன் இருந்தது.

மூன்றாவது, எத்தீயிஸம். இறைவன் இல்லை என்பது. இதையே இன்று நாத்திகம் என்கிறோம். பண்டைய இந்தியத் தத்துவத்தில் வேதங்களின் அதிகாரத்தை ஏற்காத சமணரும் பௌத்தரும்கூட நாத்திகர் என்றே அழைக்கப்பட்டனர். சொற்களின் பொருள் காலப்போக்கில் மாறுகிறது.

நான்காவது, அக்னாஸ்டிஸிஸம். இறைவன் இருக்கிறானா என்பதை அறிய இயலாது என்ற நிலை. இச்சொல்லை 1869இல் உருவாக்கியவர் ஆங்கிலேய அறிவியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி.

நம்மிடம் வந்த பையன் இந்தப் பின்னிரண்டிலும் இல்லை. அவன் நம்பிக்கைக்கு ஆதாரம் தேடியவன்.

ஆதாரங்கள்

இறைவன் இருப்பதற்கான வாதங்களில் முக்கியமானவை மூன்று. 'இறைவன்' என்ற கருத்திலிருந்தே அவன் இருப்பை நிறுவுவது உள்ளமை வாதம். 11ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர் ஆன்செல்ம் முன்வைத்தது இது. உலகின் ஒழுங்கமைப்பைச் சுட்டுவது வடிவமைப்பு வாதம். உலகம் இருப்பதற்கே ஒரு காரணம் வேண்டும் என்பது பிரபஞ்ச வாதம்.

மூன்றாவது வாதத்தில் முஸ்லிம் அறிஞர்களின் பங்கு பெரிது. இப்னு சீனா இருப்பவற்றை இரண்டாகப் பிரித்தார். இருக்கவும் இல்லாமற்போகவும் சாத்தியமுள்ளது மும்கினுல் வுஜூத். இல்லாமற்போகவே முடியாதது வாஜிபுல் வுஜூத். முதல் வகை முழுவதும் இரண்டாவதைச் சார்ந்தே நிற்கிறது என்றார். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) வேறு வழியில் சென்றார்: தொடக்கமுள்ள எதற்கும் காரணம் உண்டு, உலகுக்குத் தொடக்கம் உண்டு, எனவே அதற்குக் காரணம் உண்டு. இந்த வாதம் பற்றி வில்லியம் லேன் கிரெய்க் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவத் தத்துவவாதி 1979இல் எழுதிய நூலின் பெயரிலேயே 'கலாம்' என்ற சொல் இருக்கிறது.

"அப்படியானால் இறைவனைப் படைத்தது யார்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வாதத்தைக் கவனியுங்கள். 'எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு' என்று அது சொல்லவில்லை, 'தொடக்கமுள்ளவற்றுக்கு' என்றே சொல்கிறது. காரணத்துக்குக் காரணம் என்று முடிவின்றிப் போவதைத் தஸல்சுல் என்றும், இரண்டு பொருட்கள் ஒன்றுக்கொன்று காரணமாவதைத் தவ்ர் என்றும் பெயரிட்டு, இரண்டும் அசாத்தியம் என நம் அறிஞர்கள் மறுத்தனர்.

இவ்வாதத்தைக் குர்துபாவின் காழியாக இருந்த இப்னு ருஷ்த் குறைகூறினார். ஆயினும் அவர் இறைவனை மறுக்கவில்லை. ஓர் ஆதாரத்தை விமர்சிப்பது வேறு, இறைவனை மறுப்பது வேறு.

தீமை என்ற கேள்வி

நன்மையே உருவான, சர்வ வல்லமையுள்ள இறைவன் இருக்க, துன்பம் ஏன்? இதற்குப் பதில் தேடும் முயற்சிக்கு 1710இல் வெளிவந்த தம் நூலில் லைப்னிட்ஸ் இட்ட பெயர் தியோடிசி. அடியார்களுக்கு நலமானதைச் செய்வது இறைவன் மீது கடமை என்றனர் முஃதஸிலாக்கள். அவன் மீது எதுவும் கடமையில்லை என்றனர் அஷ்அரீக்கள். அவன் செயல் எதுவும் ஹிக்மத் இன்றி இல்லை என்பதை மாத்துரீதிகள் வலியுறுத்தினர்.

பேச்சின் முடிவில் அந்தப் பையன் தலைகுனிந்து சொன்னான்: "சாச்சியின் கைக்குழந்தை மவுத்தாகிவிட்டது, ஹஜ்ரத்." அவனுக்கு அந்நேரம் தேவைப்பட்டது தியோடிசி அல்ல. சற்று நேரம் அவனருகில் அமர்ந்திருந்தோம். பிறகு தந்தையை அழைத்து, "இவன் நாத்திகன் இல்லை, துக்கத்தில் இருக்கிறான்" என்றோம்.

பெற்றோர்களே, பிள்ளைகள் கேட்டால் முதலில் முழுமையாகக் கேளுங்கள். அவர்கள் கேட்பது ஆதாரமா, ஐயமா, ஆறுதலா என்று பிரித்தறியுங்கள். பதில் தெரியாவிட்டால், தெரிந்த ஆலிமிடம் சேர்ந்தே செல்லுங்கள். நம் பிள்ளைகளின் ஈமானை அல்லாஹ் உறுதியாக்கி வைப்பானாக! ஆமீன்.