யானை வரும் வளவில் கூட்டெரு

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபின் கூட்டெருவைப் பற்றி எல்லோரும் கதைத்தார்கள். ஆனால் செட்டிகுளம், நெடுங்கேணிப் பக்கங்களில் நான் சந்திக்கும் பெண்கள் முதலில் கேட்பது, "மணத்துக்கு யானை வராதோ தங்கச்சி?" என்பதுதான். பிள்ளைகளோடு தனியாகத் தகரக் கொட்டிலில் படுப்பவருக்கு இது வீண்பயமல்ல.

யானையையும் பன்றியையும் இழுப்பது சருகல்ல. பலாச்சக்கை, மாம்பழத்தோல், வாழைத்தண்டு, சோற்று மிச்சம்தான். இவற்றை அன்றன்றே மாட்டுக்குப் போடுங்கள். மாடில்லாதவர்கள் வீட்டுக்குத் தள்ளி ஆழப் புதையுங்கள். குவியலுக்குக் கிளிசரியா இலை, வைக்கோல், சருகு, மாட்டுச்சாணம் போதும். ஈரம் காயாமல் பார்த்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டினால் மூன்று மாதமளவில் எருவாகும். அந்தச் சூட்டுக்குள் பாம்பு முட்டையிடலாம். கை வைக்காதீர்கள், மண்வெட்டியால் புரட்டுங்கள்.

படுக்கும் அறைச் சுவரோடு குவியல் வேண்டாம். நெல்மூட்டையும் அந்த அறையில் வேண்டாம். யானை சுவரை உடைப்பது பெரும்பாலும் நெல்லுக்காகத்தான்.